நான் ஊற்றிய எண்ணெய்

அந்த அம்பாசடரை வாங்கியபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்தில் கிளார்க் வேலை. என் மனைவி அரசுப் பள்ளியில் டீச்சர். எங்கள் ஒரே மகள் கல்லூரியில் சேர்ந்து மெயின்லேண்டுக்குப் போன வருடம் அது. வீட்டில் திடீரென்று நிறைய நேரம் இருந்தது.

போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தெலுங்குக் காண்ட்ராக்டர் குடியிருந்தார். அவர் வீட்டு ஷெட்டில் ஒரு வெள்ளை அம்பாசடர் வருடக்கணக்காக அசையாமல் நின்றது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்கே போகப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று சாயங்காலம் அவர் வாசலில் போய் நின்றேன்.

“யே காடி நஹி சலேகா” என்று சிரித்தார். ஓடாது என்று தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். நாலு பேர் சேர்ந்து தள்ளி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி வெளியே வந்து பார்த்தாள். பின் சீட்டில் கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “சீட்டு நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஐந்து மாதமும் நான் அந்தக் காருக்கு அடியில்தான் கிடந்தேன். பழைய ஒர்க் ஷாப் மேனுவல் ஒன்றின் ஜெராக்ஸ் பிரதியை சென்னையிலிருந்து வரவழைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பித்தளைச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவி, மூன்று முறை தப்பாகப் பூட்டி நாலாவது முறை சரியாகப் பூட்டினேன். பிளக், பாயிண்ட், ரேடியேட்டர், எல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். கடற்காற்று தின்றதில் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை விழுந்து மண் தெரிந்தது. தகடு வெட்டி வெல்டிங் வைத்தேன். எஞ்சின் முதல் முதலாகப் பிடித்து ஓடிய ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வீடியோ கால் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

பக்கத்தில் கராச்சர்மாவில் ஒரு ஒர்க் ஷாப் இருக்கிறது. அதன் மெக்கானிக் ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம், என் வயதுதான் இருக்கும். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். எஞ்சின் ஓடியதும் அவரை அழைத்து வந்து பெருமையாகக் காட்டினேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சார், மொதல்ல பிரேக்கு. நாலு வீல்லயும் ரப்பர் கிட் மாத்தணும். ஆர்டர் போடுங்க, மெயின்லேண்ட்லேர்ந்து வரட்டும். அதுவரைக்கும் சும்மா தெருவுல மட்டும் ஓட்டுங்க.”

சரி என்றேன். ஆர்டரும் போட்டேன். வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை இருந்தது. அது முடிந்ததும் சீட் தைக்கும் வேலை. வண்டி ஓடுவதற்கும் பளபளப்பதற்குமான வேலைகளை ஆசை ஆசையாகச் செய்தேன். நிற்பதற்கான வேலை அலமாரியில் இருந்தது. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்று தினமும் அலுவலகத்துக்கும் அதிலேயே போக ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. காரின் தரையில் உள்ள மூடியைத் திறந்து பிரேக் ஆயில் பார்த்தேன். குறைந்திருந்தது. டவுனுக்குப் போனால் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கும். ஆனால் மழை. பக்கத்து வீட்டுக்காரர் மண் அள்ளும் இயந்திரம் வைத்திருக்கிறார். அவரிடமிருந்து ஜாக்கிக்கு ஊற்றுவதற்காக வாங்கிய ஒரு டப்பா எண்ணெய் என்னிடம் மீதி இருந்தது. டப்பாவின் மேல் ஹைட்ராலிக் ஆயில் என்று எழுதியிருந்தது. பிரேக்கும் ஹைட்ராலிக்தான் என்று மேனுவலில் படித்திருக்கிறேன். ஊற்றினேன். மூடியை மூடினேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் முதல் பெடல் முன்னைவிடக் கெட்டியாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் போனதும் வண்டி கொஞ்சம் இழுக்கச் சிரமப்படுவதுபோல் இருந்தது. முன் சக்கரம் சூடாக இருந்தது, கருகிய வாசனையும் வந்தது. எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டேன். கார்புரேட்டரை மறுபடி திருகினேன்.

எங்கள் தெரு ஒரு சரிவில் இறங்கி மெயின் ரோட்டில் சேரும். சேரும் இடத்தில் இடது பக்கம் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு சின்னக் கடை. வாழைப்பழம், கீரை, தேங்காய், பாக்கு. அதை நடத்தும் அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாக வந்து, நிக்கோபார் பக்கம் கச்சாலில் ரப்பர் பால் வெட்டி வளர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் தங்கிவிட்டார். கணவர் இல்லை. ஒரே மகளை வடக்கு அந்தமானில் திக்லிபூரில் கட்டிக் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்தால் “வாங்க சார்” என்பார். நானும் கீரை வாங்குவேன். அவ்வளவுதான் பழக்கம்.

எண்ணெய் ஊற்றிய பதினோராவது நாள் காலை எட்டரை மணி. சரிவில் இறங்கினேன். பாதி வழியில் பெடலை மிதித்தேன். கால் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அதன் கேபிள் தளர்ந்து கிடந்தது எனக்கு முன்பே தெரியும். கீழே மெயின் ரோட்டில் ஸ்கூல் பஸ் ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். அந்தப் பக்கம் கடை இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவோரக் கல் சுவரில் உரசி நின்றுவிடும் என்று நினைத்தேன். உரசியது, ஆனால் நிற்கவில்லை.

தார்ப்பாய் கண்ணாடியின் மேல் விழுந்து எல்லாம் நீலமாகிவிட்டது. வெளியே யாரோ இந்தியில் கத்தினார்கள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். அக்கா பம்பருக்கும் கடைப் பலகைக்கும் நடுவில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் அலறவில்லை. என்னைப் பார்த்தார். “சார், கால்” என்றார்.

காலில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். போலீஸ் வந்து என்னிடம் கேட்டபோது பிரேக் பிடிக்கவில்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை.

போலீஸ் காரைப் பரிசோதித்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததும் பாய்தான் கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டார். தரை மூடியைத் திறந்தார். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது பிரேக் ஆயில் இல்லியே சார். என்ன ஊத்துனீங்க?”

சொன்னேன்.

அவர் விரலைப் பழந்துணியில் துடைத்தார். “இந்த ஆயில் பட்டா ரப்பர் ஊதிடும். மொதல்ல டைட்டா இருக்கும், அப்பறம் மடங்கிக்கும். போச்சு.” மூடியைத் திருகி மூடினார். “பழைய வண்டி, பிரேக் போயிருச்சுன்னுதான் எல்லாரும் நெனக்கிறாங்க. நான் யார்ட்டயும் எதும் சொல்லப்போறதில்ல.”

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நானும் அந்த நேரத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவின் மகள் திக்லிபூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோனபோது வார்டு வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

“நீங்க வந்து நின்னா எங்கம்மா கால் சேந்துருமா? போங்க.”

போனேன். மறுநாள் என் மனைவி போனாள். அவளை மகள் தடுக்கவில்லை. அன்று முதல் பள்ளி விட்டதும் என் மனைவி நேராக அங்கே போய்விடுவாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், துணி மடிப்பாள், “இன்னிக்குத் தையல் பிரிச்சாங்க” என்று ஒரு செய்திபோலச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். எண்ணெய் விஷயத்தை அவளிடமும் சொல்லவில்லை. பழைய காரை ஆசைப்பட்டு வாங்கியவன், அது அவனைக் கைவிட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மகள் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது. அவளுக்கு அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள், பாக்குத் தோட்டம். அக்கா எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தன் ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை மதியம் என் மனைவியோடு நானும் அங்கே போனேன். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “உக்காருங்க சார்” என்றார். பழையபடி அதே சார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் மனைவி மாற்றிய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அக்கா, பிரேக் தானா போகல. நான் தப்பான எண்ணெய ஊத்திட்டேன். அதனாலதான் போச்சு.”

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எண்ணெயா? என்னா எண்ணெய்?” என்றார் அக்கா.

விளக்கினேன். டப்பா, மழை, ரப்பர், எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“தெரிஞ்சு ஊத்துனியா, தெரியாம ஊத்துனியா?”

“தெரியாம. ஆனா யாரையாவது கேட்டிருக்கலாம். புத்தகத்தையாவது பாத்திருக்கலாம்.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

வாயில் வந்தது உண்மையாக இருந்தது. “கேட்டா எனக்குத் தெரியலன்னு ஆயிடும்ல.”

அக்கா தன் காலைப் பார்த்தார்.

“சுனாமில ரெண்டு நாளு மரத்துல தொங்கிக்கிட்டு கெடந்தேன். அந்தத் தண்ணியில கூட எனக்கு ஒரு எலும்பு ஒடயல” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போயிட்டு வா.”

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி இரண்டடி முன்னால் போனாள். கேட்டைத் திறந்துகொண்டே, “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றாள். “நான் என்ன, போலீஸா?”

மறுநாள் வாசலில் நின்ற காரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கராச்சர்மாவில் ஒருவர் பழைய வண்டிகளை வாங்குவார் என்று தெரியும். அவரிடம் பேசி விற்றுவிடப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்குள் அக்கா என் மனைவியிடம் என்னை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த முறை அவர் உட்காரச் சொல்லவில்லை. “காரை விக்கப்போறியாமே?”

“ஆமாக்கா. இனிமே அது வேணாம்.”

“வாங்குறவன் ஓட்டுவானா, ஒடச்சிப் போடுவானா?”

“தெரியல. ஓட்டினாலும் ஓட்டலாம்.”

“அப்ப இன்னொரு எறக்கத்துல இன்னொருத்தி கடை போட்டிருப்பா. அவ கால் போவும்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நீ கெடுத்தத நீ சரி பண்ணு. அப்பறம் வித்துக்க, வச்சிக்க, எனக்கென்னா. இன்னொண்ணு. அந்த எடம் பதினெட்டு வருசமா என் எடம். ரெண்டு மாசம் காலியா கெடந்தா வேற எவனாச்சும் வந்து ஒக்காந்துக்குவான். கால் சேர்ற வரைக்கும் நீ பாத்துக்க.”

“நானா?”

“வேற யாரு?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் சரிவுக்குக் கீழே புதுத் தார்ப்பாய் கட்டினேன். பழம் கொண்டுவரும் லாரிக்காரர் அக்காவுக்கு இறக்குவதுபோலவே எனக்கும் நாலு தார் இறக்கிவிட்டுப் போனார். ஆறிலிருந்து எட்டரை வரை நான், சாயங்காலம் அரை மணி நேரம் என் மனைவி. கீரையைக் கட்டு பிரிக்காமல் எப்படி வாடாமல் வைப்பது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம் பாதியைத் தூக்கிப் போட்டேன். பிறகு சாயங்காலம் அக்காவிடம் போய்க் கேட்டேன். ஈரச் சாக்கு போடு, தண்ணி தெளிக்காத, அழுகும் என்றார்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நாள் பைக்கை நிறுத்தினார். “என்ன சார், சைடு பிசினஸா?”

“இல்ல சார். இந்தக் கடைக்காரங்க கால ஒடச்சது நான்தான். அவங்க வர்ற வரைக்கும் பாத்துக்கறேன்.”

அவர் ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போனார். அப்படிச் சொல்வது முதல் முறை கஷ்டமாக இருந்தது. பத்தாவது முறையும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அங்கே உட்கார்ந்தால் முகம் சரிவைப் பார்த்துத்தான் இருக்கும். மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு வண்டியும் நேராக நம்மை நோக்கியே வருவதுபோல் இருக்கும், கடைசியில்தான் ரோட்டுக்குத் திரும்பும். லாரி, ஆட்டோ, தண்ணீர் டேங்கர். பதினெட்டு வருடம் அந்த அக்கா இவை எல்லாம் நின்றுவிடும் என்று நம்பித்தான் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

சனி ஞாயிறுகளில் காரைப் பிரித்தேன். இந்த முறை முதல் நாளே பாயிடம் போனேன்.

“பாய், எனக்குத் தெரியல. ஒண்ணொண்ணா உங்களக் கேட்டுத்தான் செய்யணும்.”

“நான் ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துடறேனே சார்.”

“நான்தான் செய்யணும் பாய். நீங்க பாத்து சரின்னு சொன்னாப் போதும்.”

அவர் ஒத்துக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டரைப் பிரித்து ரப்பர் கப்பை எடுத்தேன். மழையில் முளைத்த காளான்போல் ஊதி, விரலால் அழுத்தினால் குழைந்தது. ஐந்து மாதம் அலமாரியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் புது கப்பை அதன் பக்கத்தில் வைத்தேன். புதுசு, பழையதில் முக்கால் அளவுதான் இருந்தது. பெடல் கெட்டியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டது இதற்குத்தான்.

நாலு சக்கரம், மாஸ்டர் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ் குழாய், எல்லாம் மாற்றினேன். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்புவேன். “கிளிப் திரும்பியிருக்கு, மறுபடி கழட்டுங்க” என்று பதில் வரும். கழற்றுவேன்.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். என் மனைவியைக் கேட்டேன். கையிலிருந்த விடைத்தாள் கட்டை வைத்துவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்தக் காரில் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“மிதி. பிடிச்சுக்கோ. விடு.”

“மிதி. பிடிச்சுக்கோ.”

“விடவா?”

“நான் சொன்னதுக்கப்புறம்.”

இரண்டு மணி நேரம் இந்த வார்த்தைகள்தான். விபத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து எதுவும் செய்யவில்லை. மூன்று சக்கரங்களில் குமிழி நின்றுவிட்டது. பின்னால் வலது சக்கரத்தில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் கதவைத் திறந்து குனிந்தாள்.

“இது ஏன் நிக்கல?”

“தெரியல.”

“தெரியலன்னா விட்றாதீங்க” என்றாள்.

விடவில்லை. குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனபோது ஒரு வளைவில் ஈரம் பட்டது. உப்புக்காற்றில் துரு ஏறி ஊசித்துளை விழுந்திருந்தது. புதுக் குழாய் வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கார் கட்டைகளின் மேல் நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிளையும் மாற்றினேன்.

அதற்கிடையில் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முன்பு சொன்னதோடு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்கள். எழுதியவர் தலையைத் தூக்கி, “ஆப் குத் போல் ரஹே ஹோ?” என்று கேட்டார். நீங்களாகவா சொல்கிறீர்கள் என்று. ஆமாம் என்றேன்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தார். அவருக்கும் சாட்சியாக வரச்சொல்லிக் காகிதம் வந்தது. அன்று காலை மழை. என் மனைவி ஆட்டோ கூட்டிவரக் கிளம்பினாள்.

“ஆட்டோல என் காலு மடங்காது” என்றார் அக்கா. “ஒங்க காருல பின்னாடி நீளமா இருக்கே, அதுல நீட்டிக்குவேன். இப்ப நிக்குமா அது?”

“நிக்கும்க்கா” என்றேன். “பாய் வந்து ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டார்.”

என் மனைவிக்குத் தயக்கம். “கேஸ்ல இருக்கிற ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகலாமா?”

“எனக்கு நடக்க முடியல. அவ்ளோதான்.”

பின் சீட்டில் தலையணை வைத்து, கதவோரம் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். என் மனைவி முன்னால் உட்கார்ந்தாள். சரிவின் தலைப்பில் வண்டியை நிறுத்தினேன். முதல் கியரில் போட்டு இறங்கினேன். பெடலை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். கீழே கடையோரம் முழுதாக நிறுத்தி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“தேங்காய அந்தப் பக்கம் வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது.”

கோர்ட்டில் என் முறை வந்தபோது குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அதனால் சாட்சி விசாரணை இல்லை. அபராதம் விதித்தார்கள். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அக்கா பெஞ்சில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய், முடிந்துவிட்டது என்றேன்.

“என்னை கூப்பிடலியே?”

“நான் ஒத்துக்கிட்டதால உங்கள கேக்க வேண்டியதில்லயாம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு இவ்வளவு கோபம் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

“எட்டு மாசமா என்னா சொல்லணும்னு மனசுல வச்சிருந்தேன். ஒரு ஆளு ஒரு வார்த்த கேக்கல. நீ ஒத்துக்கிட்டா எனக்கு நடந்தது நடக்காமப் போயிருமா?”

வெளியே வந்து காரில் ஏறினோம். மழை விட்டிருந்தது. நான் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை.

“அக்கா, அங்க சொல்ல இருந்தத எங்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

“ஒங்கிட்டயா?”

“எங்கிட்டதான சொல்லணும்.”

என் மனைவி இறங்கிக்கொள்ளவா என்பதுபோலக் கதவில் கை வைத்தாள். “நீயும் இரும்மா” என்றார் அக்கா. பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

அன்று காலை அவர் ஒரு வாழைத்தாரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாராம். கார் வருவதை மேலேயே பார்த்துவிட்டார். என் முகத்தையும் பார்த்தார். இவன் நிறுத்தமாட்டான் என்று தெரிந்துவிட்டது. ஓடியிருக்கலாம். ஆனால் தார் அடிபட்டுவிடுமே, அதைக் கீழே வைத்துவிட்டு ஓடலாம் என்று குனிந்தார். “ஒரு வாழத்தாருக்காக, பாரு” என்றார். எட்டு மாதமாகக் கண்ணை மூடினால் அவர் குனிந்துகொண்டே இருக்கிறாராம். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் கையால் மலம் கழுவிக்கொண்டதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது என் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். பேரப்பிள்ளைக்குக் காது குத்துக்கு திக்லிபூர் போக முடியாததைச் சொன்னார். வலது கால் ஒரு விரலளவு குட்டையாகிவிட்டதை, அது இனி அப்படித்தான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். என்னை மன்னித்துவிட்டதாக எதுவும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் விடாமல், கோர்ட்டில் சொல்வதுபோலவே சொன்னார். நான் பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். எங்கேயும் குறுக்கே பேசவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்ளோதான்” என்றார். “இப்ப எடு வண்டிய. கடை சாத்திக் கெடக்கு.”